கார் போயிட்டுது, பதிவு போகேல்லை

இந்தக் கிழமை எபிசோட்டில டேட்டாபேஸ் பற்றிக் கதைச்சம். ஒரே தகவல் நாலு இடத்தில சேமிச்சு இருந்தா, ஒரு இடத்தில மாத்தினது மற்ற மூண்டுக்கும் தானாப் போகாது எண்டதுதான் அதின்ர சாரம். அதைக் கேட்டிட்டு குரோய்டனில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா: "அண்ணா, அப்பாவின்ர பழைய காரை விக்கிற பொறுப்பு என்ர தலையில விழுந்திட்டுது. எங்க தொடங்கிறது?"

பதில் அதே எபிசோட்டிலதான் இருக்கு. பிரித்தானியாவில ஒரு காருக்கு ஒரேயொரு பதிவு எண்டு இல்லை. டிவிஎல்ஏயில ஒண்டு, இன்சூரன்ஸில ஒண்டு, லண்டன்காரர் எண்டா யூலெஸ் ஓட்டோ பேயில ஒண்டு, கார் கம்பனியின்ர ஆப்பில ஒண்டு, கடன் இருந்தா ஃபைனான்ஸ் கம்பனியில ஒண்டு. சாவியைக் கையில குடுத்தவுடன இதில ஒண்டும் மாறாது. ஒவ்வொண்டா நாங்கள்தான் மாத்த வேணும். எங்கட வீடுகளில ஒன்லைன் வேலையெல்லாம் பிள்ளையளின்ர தலையிலதானே வந்து விழும். அதால ஒழுங்கா ஒருக்கா எழுதி வைக்கிறன்.

விளம்பரம் போட முன்னம்

முதல்ல கடன். பிசிபி அல்லது ஹையர் பர்ச்சேஸில எடுத்த கார் எண்டால், கடைசிக் காசு கட்டி முடியும் வரை அது ஃபைனான்ஸ் கம்பனியின்ர சொத்து. லொக் புக்கில அப்பாவின்ர பேர் இருக்கலாம். ஆனா லொக் புக் காட்டுறது காரைப் பொறுப்பில வைச்சிருக்கிறது ஆர் எண்டதை மட்டும்தான். அது சொந்தத்துக்குச் சாட்சி இல்லை. கம்பனிக்கு ஃபோன் அடிச்சு "செட்டில்மென்ட் ஃபிகர்" கேட்டு, அதைக் கட்டி முடிச்சு, கடிதத்தை வாங்கி வைச்சுக்கொண்டுதான் விக்க வேணும்.

அடுத்தது, உங்கட காரின்ர எம்ஓடி வரலாற்றை நீங்களே ஒருக்கா பாருங்கோ. நம்பர் பிளேட்டை அரசாங்க இணையத்தளத்தில அடிச்சாக் காணும். எந்த வருசம் எதில ஃபெயில் ஆச்சு, அப்ப எத்தினை மைல் ஓடியிருந்தது எண்டு எல்லாம் இலவசமாக் காட்டும். வாங்க வாறவரும் உங்கட வாசலுக்கு வர முன்னமே அதைப் பாத்திருப்பார். பிறகு "ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை" எண்டு விளம்பரத்தில எழுதிறதில என்ன பயன்?

விளம்பரத்தில லொக் புக்கின்ர படத்தைப் போடாதேங்கோ. அதில 11 இலக்க எண் ஒண்டு இருக்கு. கார் கை மாறினதை டிவிஎல்ஏக்கு ஒன்லைனில சொல்ல அந்த எண்தான் வேணும். பாஸ்வேர்டைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவமா?

ஆசைக்கு வாங்கின பிரத்தியேக நம்பர் பிளேட் இருந்தா, அதை விக்க முன்னமே கழட்டி உங்கட பேரில வைச்சிருக்க 80 பவுண் கட்டி விண்ணப்பிக்க வேணும். மறந்தா அது காரோடயே போயிடும்.

ஓடிப் பாக்க வந்தா

டெஸ்ட் டிரைவ் குடுக்கிற நேரம், ஓட்டுறவருக்கு உங்கட காரை ஓட்டுறதுக்கு இன்சூரன்ஸ் இருக்க வேணும். இல்லாத ஒருவரை ஓட விட்டா அவருக்கு மட்டும் இல்லை, விட்ட உங்களுக்கும் அது குற்றம். சான்றிதழையும் லைசென்ஸையும் கேளுங்கோ. நீங்களும் ஏறிப் போங்கோ. இடையில ஆள் மாறி இருக்கிற நேரம் சாவியைக் காரில விட்டிட்டு இறங்காதேங்கோ.

காசு

கூடுதலான மோசடி நடக்கிறது இந்த இடத்திலதான். விதி ஒண்டு: காசு வந்திட்டுது எண்டதுக்குச் சாட்சி உங்கட ஃபோனில உங்கட பாங்க் ஆப் மட்டும். வாங்கிறவரின்ர திரையில தெரியிற பச்சை நிறச் சரி அடையாளம் சாட்சி இல்லை. "பாங்கில இருந்து" வந்த ஈமெயிலும் சாட்சி இல்லை. பாங்க் ஆப் மாதிரியே நடிக்கிற போலி ஆப்புகள் இருக்கு. பேர், தொகை, "பேமென்ட் சென்ட்" எல்லாம் அழகாக் காட்டும்.

ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் ஞாயிறு இரவிலயும் வேலை செய்யும். கூடுதலா ஒரு சில நிமிசத்தில வந்து சேரும். முதல்ல ஒரு பவுண் அனுப்பச் சொல்லுங்கோ. அது வந்ததைப் பாத்த பிறகு மிச்சத்தை அனுப்பட்டும். பெரிய தொகை எண்டால் அவரின்ர பாங்கின்ர ஒரு நாள் எல்லை எவ்வளவு எண்டு முதல் நாளே கேக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி ரெண்டு பேரும் மழைக்குள்ள நிண்டு கொண்டு ஹெல்ப்லைன் பாட்டுக் கேக்க வேண்டி வரும்.

எங்கட ஆக்களுக்கு மட்டும் வாற ஒரு சிக்கலும் இருக்கு. காசு அனுப்ப முன்னம் கணக்கின்ர பேர் சரியோ எண்டு பாங்க் பாக்கும். அப்பாவின்ர பேர் பாங்கில ஒரு மாதிரி, லைசென்ஸில இன்னொரு மாதிரி, அவரின்ர அப்பாவின்ர பேர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு இருக்கும். பேர் பொருந்தேல்லை எண்டு திரையில வந்தா வாங்கிறவர் பயப்பிடுவார். அது நியாயம்தான். பாங்க் கார்டில இல்லை, பாங்க் ஸ்டேட்மென்டில எப்பிடி இருக்கோ அப்பிடியே எழுத்து மாறாமல் அனுப்பி விடுங்கோ.

டிவிஎல்ஏ

காசு வந்திட்டுது. இனி அவர் வாசலில நிக்கும்போதே, அவரின்ர பேரையும் விலாசத்தையும் கேட்டு, உங்கட ஃபோனில டிவிஎல்ஏ தளத்தில பதியுங்கோ. அஞ்சு நிமிச வேலை. லொக் புக்கில இருக்கிற பச்சைத் துண்டைக் கிழிச்சு அவரிட்டக் குடுங்கோ. மிச்சத்தைக் குடுக்கக் கூடாது, கிழிச்செறிய வேணும். உறுதிப்படுத்தி ஈமெயில் வரும். பிறகு தபாலில கடிதமும் வரும். நாலு கிழமைக்குள்ள கடிதம் வராட்டி டிவிஎல்ஏயைக் கேளுங்கோ.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மாமா லொக் புக்கை முழுசாவே தூக்கிக் குடுத்தவர். "நான் அனுப்பிறன் அண்ணை" எண்டு வாங்கினவர் சொன்னவர். அனுப்பேல்லை. மூண்டு மாதத்துக்குப் பிறகும் யூலெஸ் அபராதம், பஸ் லேன் அபராதம் எல்லாம் மாமாவின்ர வீட்டுக்குத்தான் வந்தது. கமராவுக்கு நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும். நம்பர் பிளேட்டுக்கு டிவிஎல்ஏ சொல்லுற பேர்தான் பேர். யூலெஸ் அபராதம் ஒண்டு 180 பவுண், 14 நாளுக்குள்ள கட்டினா 90. விலாசம் மாறினதும் தெரியாமல் கடிதங்கள் பழைய வீட்டுக்குப் போயிருந்தா, அது இன்னும் கூடியிருக்கும். டிவிஎல்ஏக்குச் சொல்லாமல் விட்டதுக்கே 1,000 பவுண் வரை அபராதம் போடலாம்.

வாகன வரி 2014 ஒக்டோபருக்குப் பிறகு காரோட போறேல்லை. நீங்கள் டிவிஎல்ஏக்குச் சொன்னவுடன மிச்சமிருக்கிற முழு மாதங்களின்ர காசு உங்களுக்குத் திரும்பி வரும். மாதக் கடைசியில சொன்னா அடுத்த மாதத்தில இருந்து வரும். ஒரு நாள் பிந்தி 1ஆம் திகதி சொன்னா அந்த மாதமும் போச்சு. வாங்கினவர் ஓட்டிக்கொண்டு போக முன்னம் தானே வரி கட்ட வேணும். பச்சைத் துண்டில இருக்கிற எண் அதுக்குத்தான்.

இதோட ஓட்டோ பே கணக்கில இருந்து காரை எடுத்து விடுங்கோ. 2023 ஓகஸ்ட் 29இல இருந்து லண்டனின்ர எல்லா பரோவிலயும் யூலெஸ் இருக்கு. தரத்துக்குக் குறைஞ்ச கார் எண்டால் நாளுக்கு 12.50 பவுண். எடுக்காட்டி, அவர் வேலைக்குப் போற ஒவ்வொரு நாளுக்கும் உங்கட அப்பாவின்ர கார்டில காசு போகும். இன்சூரன்ஸை மட்டும் கடைசியா நிப்பாட்டுங்கோ. கார் வீதியை விட்டுப் போன பிறகு.

காரும் ஒரு கொம்பியூட்டர்

ஃபோனை விக்கிற நேரம் அழிக்கிற நாங்கள் காரை அழிக்கிறேல்லை. புளூடூத்தில ஏறின கொன்டாக்ட் லிஸ்ட், நவிகேஷனில "வீடு" எண்டு போட்ட விலாசம், வைஃபை பாஸ்வேர்ட், சில கார்களில கராஜ் கதவின்ர சிக்னல் எல்லாம் உள்ள இருக்கும். செட்டிங்ஸில ஃபேக்டரி ரீசெட் இருக்கும். செய்யுங்கோ.

ஆனா அது பாதி வேலைதான். 2017இல ஐபிஎம்மில வேலை செய்த சார்ள்ஸ் ஹென்டர்சன் எண்ட பாதுகாப்பு ஆய்வாளர் ஆர்எஸ்ஏ மாநாட்டில ஒரு விசயம் சொன்னவர். அவர் தன்ர பழைய காரை ரீசெட் செய்துதான் குடுத்தவர். பிறகும் அந்தக் கார் எங்க நிக்குது எண்டு அவரின்ர ஃபோன் காட்டினது. கதவையும் அதாலயே திறக்கலாம். காரணம் நேரடியானது: ரீசெட் அழிக்கிறது காரில இருக்கிறதை. ஆர் கட்டளை குடுக்கலாம் எண்ட பட்டியல் இருக்கிறது கம்பனியின்ர சேர்வரில. அதால ஆப்புக்குள்ள போய் "காரை நீக்கு" எண்டதை அழுத்திப் போட்டுத்தான் ஆப்பை அழிக்க வேணும். ஆப்பை மட்டும் அழிச்சா சேர்வருக்கு ஒண்டும் தெரியாது.

இது வாங்கிறவருக்காகவும்தான். இரவு வேலை முடிஞ்சு தனியாக் கார் ஓட்டிக்கொண்டு வாற ஒரு பிள்ளை, தன்ர கார் எங்க நிக்குது எண்டு முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரியும் எண்டதை அறியாமலே இருப்பா.

"எங்கட ஆள்தானே"

கடைசியா இதைச் சொல்லாமல் விடேலாது. கோயிலில தெரிஞ்சவர், மாமாவின்ர கூட்டாளி எண்டால் ரசீது கேக்க எங்கட வீட்டில வெக்கப்படுவினம். "நம்பிக்கை இல்லையோ?" எண்டு நினைப்பார் எண்ட பயம்.

தனியார் விற்பனையில, கடையில வாங்கின மாதிரிப் பாதுகாப்பு வாங்கிறவருக்குக் கிடையாது. ஆனா நீங்கள் சொன்ன மாதிரிக் கார் இருக்க வேணும். வீதியில ஓடத் தகுதியில்லாத காரை ஓடுற கார் எண்டு விக்கவும் கூடாது. "பாத்தபடி விற்கப்பட்டது" எண்டு ரசீதில எழுதினாலும் பொய் சொன்னதுக்கு அது மறைப்பு ஆகாது. அதால கியர்பொக்ஸ் இறுகுது எண்டால் அதை ரசீதிலயே எழுதுங்கோ. திகதி, நேரம், மைல், விலை, ரெண்டு பேரின்ர பேர், கையெழுத்து. ஆளுக்கு ஒரு பிரதி. நேரம் ஏன் எண்டால், அண்டைக்குப் பின்னேரமே அவர் ஸ்பீட் கமராவில பிடிபட்டா அந்த நேரம்தான் அப்பாவைக் காப்பாத்தும்.

கேக்க வெக்கமா இருந்தா "லண்டனில பிறந்த பிள்ளை, எல்லாத்துக்கும் கடதாசி கேக்குது" எண்டு பழியை உங்களில போடச் சொல்லி அப்பாவிட்டச் சொல்லுங்கோ. ரெண்டு வருசம் கழிச்சுக் கோயிலில அதே ஆளைக் கண்டா, அப்பா மற்றப் பக்கம் திரும்பாமல் நிண்டு கதைக்கலாம்.

கேள்வி இருந்தா இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த எபிசோட்டில எடுத்துக் கதைப்பம்.