அலமாரிக்குள் இருந்த இருபத்திரண்டு வயது

ஒரு பல்கலைக்கழக ஆய்வின் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாம், வாருங்கள். சோதனைக்கூடத்துக்கு அல்ல, கன்னியர் மடத்துக்கு!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மன்கேட்டோ என்று ஓர் ஊர். அங்குள்ள குன்றின்மேல் ‘ஸ்கூல் சிஸ்டர்ஸ் ஆஃப் நோத்ர டாம்’ சபையின் மடம் இருந்தது. 1986-ல் டேவிட் ஸ்னோடன் என்ற இளம் ஆய்வாளர் அந்தப் படிகளில் ஏறினார். சிறுவயதில் கன்னியாஸ்திரிகளிடம் பாடம் படித்தவர் அவர். முதுமையை ஆராய இவர்களைவிடத் தோதானவர்கள் கிடைப்பார்களா? ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி மருத்துவக் கவனிப்பு. புகை கிடையாது, பெரும்பாலோருக்கு ஆசிரியை வேலை. ஆளுக்கு ஆள் வாழ்க்கை மாறுவதுதான் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரிய தலைவலி. அது இங்கே அடியோடு குறைந்துவிட்டது.

ஆனால் என்னைத் துள்ள வைப்பது சபையின் ஆவண அலமாரிகள்தான். துறவு வார்த்தைப்பாடு கொடுக்கும் முன் ஒவ்வொருவரும் தன் கதையைச் சுருக்கமாக எழுதித் தர வேண்டும் என்று 1930-ல் தலைமையிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, மடத்துக்கு வந்த காரணம் எல்லாம் 200, 300 சொற்களில், ஒரே தாளில். எழுதியவர்களின் சராசரி வயது 22. அதை யாரும் தூக்கி எறியவில்லை! அரை நூற்றாண்டுக்கு மேல் பத்திரமாக இருந்தது. பழைய காகிதத்தைப் பேணி வைத்த அந்த முகம் தெரியாத மடத்து எழுத்தர்களுக்கு ஒரு கும்பிடு.

இந்தத் தாள்களை அலசியவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்து சூசன் கெம்பர். வயது ஏற ஏறப் பேச்சும் எழுத்தும் எப்படி மாறுகின்றன என்பதே அவருடைய துறை. வாக்கியங்களில் ‘கருத்து அடர்த்தி’யை அவர் எண்ணினார். பத்துச் சொற்களுக்குள் எத்தனை கருத்துகள் அடைபட்டிருக்கின்றன என்பதுதான் கணக்கு. நானாக ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘எனக்கு ஜான், பீட்டர், தாமஸ் என்று மூன்று அண்ணன்மார், மேரி, அன்னா என்று இரண்டு அக்காமார்’ என்று ஒருத்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் நிறைய, கருத்து கொஞ்சம்தான். இன்னொருத்தி, ‘என்னை எழுதவைத்த மூத்த அண்ணன் போருக்குப் போனதும் வீடே ஊமையானது’ என்கிறாள். எழுதவைத்தது, மூத்தவன், போனது, போன பிறகு நடந்தது, ஊமையானது... எண்ணிக்கொண்டே போகலாம்! வெறும் பெயர்கள் கணக்கில் வராது. வினை, அடை, இணைப்பு எல்லாம் வரும்.

1996-ல் வந்த முடிவைப் படித்தபோது நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. அதே சபையின் மில்வாக்கி வட்டாரத்து மடங்களைச் சேர்ந்த 93 பேர். எழுதிச் சுமார் 58 ஆண்டுகள் கழிந்திருந்தன. இளமையில் அடர்த்தி குறைவாக எழுதியவர்களே முதுமையில் நினைவுச் சோதனைகளில் அதிகம் தடுமாறினார்கள். அதற்குள் இறந்துபோன 14 பேரின் மூளையையும் பார்த்தார்கள். அடர்த்தி குறைந்த எழுத்துக்காரர்கள் அத்தனை பேரிடமும் அல்சைமர் நோய் இருந்தது. மற்றவர்களில் ஒருவரிடமும் இல்லை.

பதறிப்போய்ப் பழைய நாட்குறிப்பைத் தேட வேண்டாம். 14 என்பது சின்ன எண்ணிக்கை. அதோடு, எளிமையாக எழுதியதால் நோய் வந்ததா, நோயின் நிழல் அந்த வயதிலேயே விழுந்துவிட்டதா? எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

2001-ல் இதே மாதிரித் தாள்களை இன்னொரு கண்ணோடு படித்தார்கள். 180 பேரின் குறிப்புகளில் மகிழ்ச்சி, நன்றி, ஆவல் போன்ற உணர்வுகளைத் தேடினார்கள். அவை நிறைந்திருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்திருந்தார்கள்!

இனி மூளைக்கு வருவோம். ஆண்டுதோறும் சிஸ்டர்களுக்குச் சோதனை நடந்தது. பத்துச் சொற்களைக் காட்டி, சில நிமிடம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டு வந்தார்கள். சரி, இது எளிது. ஆனால் இறந்தபின் மூளையைத் தர வேண்டும் என்று எப்படிக் கேட்பது? கேட்டார்கள். 75 வயதுக்கு மேற்பட்ட 1,027 பேரில் 678 பேர் ஒப்புக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள், போன பிறகும் சொல்லிக் கொடுக்கத் தயாரானார்கள். இந்த எண்ணிக்கையை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவர்களில் ஒருவர் சிஸ்டர் மேரி. 19 வயதில் ஆசிரியை ஆனவர்; கோடை விடுமுறைகளில் படித்துப் படித்து 41 வயதில்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்கினார். 84 வயது வரை ஏதோ ஒரு வகுப்பில் இருந்தார். 101-ல் காலமானார், கடைசிச் சோதனைகளிலும் நல்ல மதிப்பெண். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அவருடைய மூளையை ஆராய்ந்தபோதோ, அல்சைமரின் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளம். எடை வெறும் 870 கிராம். நோய் இருந்தது, மறதி வரவில்லை!

எப்படி? 1997-ல் ஒரு துப்பு கிடைத்தது. மூளையில் அல்சைமரின் தடயங்கள் இருந்த 61 சிஸ்டர்களை எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் ஆழத்தில் சின்னஞ்சிறு பக்கவாதத் தழும்புகளும் சேர்ந்திருந்தவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்திருக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆக, படிவும் முடிச்சும் மட்டுமே நினைவைக் கவிழ்த்துவிடுவதில்லை, ரத்தக்குழாயின் நலமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.