தொழிற்காப்புச் சட்டமும் தொழிற்பயிற்சியும்

தொழிலாளியை வேலையினின்று நீக்குதல் எளிதாயிருத்தல் நன்றோ, அரிதாயிருத்தல் நன்றோ என்னும் வினா பெரும்பாலும் நீதி பற்றிய வினாவாகவே ஆராயப்படுகின்றது. அது கல்வி பற்றிய வினாவுமாகும் என்பதைக் கருதுவார் சிலரே.

பொருளியலறிஞர் கரி பெக்கர் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்னும் நூலில் பயிற்சியை இருவகைப்படுத்தினார். ஒரு நிலையத்தில் மாத்திரம் பயன்படுவது ஒன்று. எங்குஞ் சென்று பயன்கொள்ளத்தக்கது மற்றொன்று. அச்சகமொன்றிலுள்ள பழைய பொறியின் கோளாறுகளை அறிந்திருத்தல் முதல்வகை. எழுத்துக் கோத்தல் இரண்டாம்வகை. முதல்வகைப் பயிற்சியின் செலவை முதலாளியும் தொழிலாளியும் பங்கிட்டுக்கொள்வர். ஆயின், இருவரும் நெடுநாள் சேர்ந்திருப்பர் என்னும் நம்பிக்கையின்றி அப்பங்கீடு நிலையாது. நாளை நீக்கப்படலாம் என அஞ்சுபவன் பிறவிடத்துப் பயன்படாத திறனைக் கற்க மனங்கொள்வானா? எளிதில் நீக்கவியலாத ஊழியனையுடைய முதலாளியோ, அவனைத் திறனுடையவனாக்குதலே தனக்கு ஆதாயமெனக் காண்பான்.

இரண்டாம்வகையின் செலவைத் தொழிலாளியே ஏற்பான் என்பது பெக்கரின் முடிபு. ஜேர்மனியின் வழக்கம் இதற்கு மாறாயிருந்தது. அங்கே எங்கும் செல்லத்தக்க தொழிலைப் பயிலும் இளைஞருக்கு முதலாளிமாரே பெருஞ்செலவு செய்தனர். இதற்கு அசெமொக்லு, பிஷ்கே என்னும் இருவர் 1990களின் இறுதியில் ஒரு விளக்கம் கூறினர். உயர்ந்த ஊதியத்துக்கும் தாழ்ந்த ஊதியத்துக்குமுள்ள இடைவெளி குறுகியிருப்பின், திறன் மிகுந்த அளவுக்கு ஊதியம் மிகாது. எஞ்சிய பயன் முதலாளியைச் சேரும். ஊதியச் சமத்துவம் பயிற்சிக்குப் பகையெனக் கொண்டார்க்கு இது வியப்பே. ஆறு மாத சேவைக்குப் பின் தக்க காரணமின்றி நீக்கலாகாதென விதித்த 1951 ஆம் ஆண்டுச் சட்டமே அனைத்தையும் விளைத்ததென்றல் மிகையாகும்; தொழிற்சங்கங்களின் கூட்டு உடன்படிக்கைகளுக்கும் பெரும்பங்குண்டு.

காப்பு ஒருசாரார்க்கு மாத்திரம் அமையின் விளைவு வேறு. ஸ்பெயின் தேசத்தில் 1984 ஆம் ஆண்டின் சீர்திருத்தம், நிரந்தர ஊழியரின் காப்பைத் தொடாது விட்டு, தவணை ஒப்பந்தங்களுக்கு மாத்திரம் கதவைத் திறந்தது. 1990களின் தொடக்கத்தில் சம்பளம் பெறுவோரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் தற்காலிக ஊழியராயினர். மூன்றாண்டு எல்லை அணுகியதும் அவர்களை நிரந்தரமாக்குதலினும் விடுவித்துப் புதியவரைச் சேர்த்தல் மலிவாயிற்று. சின்னாளில் செல்பவனுக்குப் பயிற்சி எதற்கு? இளைஞர் வேலைக்கு வேலை மாறினர். திறனும் வளரவில்லை, ஊதியமும் உயரவில்லை. தற்காலிக ஒப்பந்தங்களைப் பெரிதும் இறுக்கும் சட்டமொன்று 2021 டிசம்பரில் வந்தது.

நம் நாட்டின் 1971 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கச் சட்டமும் அத்தகைய எல்லையொன்றை வகுத்தது. ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த நீக்கத்துக்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்பது விதி. ஆயினும் 15 பேருக்குக் குறைந்த நிலையங்களுக்கு அது பொருந்தாது. பதினான்கு பேருடன் நின்றுவிடும் பட்டறைக்காரரை யாம் குறைகூறுவதற்கில்லை. கணக்கு அவ்வாறு சொல்கின்றது. பெருந்தொழிற்சாலைகள் சிலவோ ஆள்வழங்கும் ஒப்பந்தக்காரர் வாயிலாகப் பணியாட்களைப் பெறுகின்றன. நாட்கூலிக்கு அனுப்பப்படும் அவர்களைப் பயிற்றுவதால் ஒப்பந்தக்காரருக்குப் பயன் சிறிது; தொழிற்சாலையோ அவர்களைத் தன்னவராகக் கொள்வதில்லை.