கொற்கைச் சங்கு வேலைப்பாடும் பண்டைய மணிகளும்

கொற்கை, தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் பகுதியில் இருந்த பாண்டியர் துறைமுகம் ஆகும். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சிற்றூர். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆற்று வண்டல் படிந்து கடல் விலகியதால், ஊர் இப்போது கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முத்துக்குப் பெயர்பெற்ற இவ்வூர், சங்கறுக்கும் தொழிலுக்கும் களமாக இருந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன.

அகழாய்வுகள்

கிரேக்க நூல்கள் குறிப்பிடும் 'கொல்கை' இவ்வூரே என்று கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69இல் இங்கு அகழாய்வு செய்தது. அப்போது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம், கதிரியக்கக் கரிமக் கணிப்பில் கி.மு. 785 அளவில் அமைந்தது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. அறுக்கப்பட்ட சங்குகளும் சங்கு வளையல் துண்டுகளும் இவ்வூரின் குறிப்பிடத்தக்க சான்றுகள்.

சங்கை அறுக்கும் முறை

மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்கு, ஒரு நடுத்தண்டைச் சுற்றி வளர்ந்த சுருள். அதன் முனைகளை நீக்கி, தண்டை உடைத்தெடுத்து, குறுக்கே அறுத்தால் வளையங்கள் கிடைக்கும். அவற்றைக் கல்லில் தேய்த்து வளையல் ஆக்கலாம். தண்டு கெட்டியானது, அதை நறுக்கித் துளையிட்டால் மணி ஆகும். ஒரு சங்கில் சில வளையல்களே தேறும், மற்றவை கழிவு.

கல்மணிகள்

சங்கைக் கத்தியால் கீறலாம். சூதுபவளம், படிகம் போன்ற கற்களைக் கீற முடியாது. எனவே கல்மணிக்குத் துளையிடுவதே கடினமான வேலை. பெரும்பாலும் இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் இணைப்பர். துளை விலகினாலோ கல் பிளந்தாலோ உழைப்பு வீணாகும். சூதுபவளத்தைச் சூடேற்றினால் அதிலுள்ள இரும்புச்சத்தால் சிவப்பு நிறம் கூடும்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மூலக்கற்கள், பாதி முடிந்த மணிகள், முழுமையான மணிகள் மூன்றும் கிடைத்துள்ளன. மதுரைக்காஞ்சியும் சங்கறுத்துக் கடைவோரையும் மணிக்குத் துளையிடுவோரையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது.

பௌத்தத் தலங்களில் மணிகள்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, அதற்கு முன் 1892இல் ஆந்திரத்தின் பட்டிப்புரோலு பௌத்தத் தூபியை அகழ்ந்தவர். அங்குக் கற்பேழைகளுக்குள் புனித எச்சங்களுடன் முத்து, மணி, பொற்பூக்கள் ஆகியவை காணிக்கையாக வைக்கப்பட்டிருந்தன. அவை வேலை முடிந்த பொருள்கள். வழிபட்டோரின் பக்தியையும் செல்வத்தையும் அவை சொல்லும்; எந்த ஊரில் செய்யப்பட்டன என்பதைத் தாமாகச் சொல்லமாட்டா.

கழிவின் மதிப்பு

முழுமையான மணி வணிகத்தின் வழியாக எங்கும் செல்லும். ஆனால் அறுத்துப் போட்ட சங்குத் துண்டையோ துளையிடும்போது உடைந்த கல்லையோ யாரும் விலைகொடுத்து வாங்கிச் செல்வதில்லை. அவை செய்த இடத்திலேயே கிடக்கும். ஓர் ஊர் மணியை அணிந்ததா, செய்ததா என்ற கேள்விக்கு உறுதியான விடை இக்கழிவுகளே. இதனால்தான் அகழாய்வில் தோண்டிய மண்ணைச் சல்லடையிட்டுச் சலிக்கின்றனர்.

மண்ணடுக்கிலிருந்து யாரோ பெயர்த்தெடுத்த மணி, அழகு குறையாமல் இருந்தாலும் காலத்தை இழந்துவிடுகிறது. அது எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டுடன் கிடந்தது என்பதை மீண்டும் அறிய வழியில்லை. பழைய மேடுகளில் மணியோ அறுத்த சங்கோ கண்ணில் பட்டால், எடுக்காமல் இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே அதைக் காக்கும் வழி.