பெர்மிட் காணிக்கு உறுதி எழுதாதீர்கள்

கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, முந்தல் பக்கம் காணிப் பிணக்கென்று வருவோர் பலரின் கையில் இருப்பது இரண்டே கடதாசிகள்: முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட ஒரு தாள், பிரதேச சபையின் சோலைவரிப் பற்றுச்சீட்டு. வரி கட்டியதற்குத்தான் அந்தச் சீட்டு சாட்சி. அரச காணிக்கு அது உரிமை தராது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பெர்மிட் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியென்றாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அது இல்லாமல் நொத்தாரிசு எழுதும் உறுதி செல்லாது; அற்றோணித் தத்துவம் எழுதி வைத்தாலும் காணி உங்களுடையதாகாது. காசு கொடுக்குமுன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்க் கோப்பைப் பாருங்கள். தரகரின் வாயை நம்பாதீர்கள்.

பெர்மிட் வைத்திருப்போர் செய்யும் பெரிய தவறு, பின்னுரித்தாளரைப் பதியாமல் விடுவது. சட்டம் அனுமதிக்கும் உறவினர் ஒருவரைப் பெயரிட்டு, அந்தப் பத்திரத்தை மூன்று பிரதிகளில் பிரதேச செயலாளர், நொத்தாரிசு அல்லது சமாதான நீதவான் முன் ஒப்பமிட வேண்டும். வேலை அதோடு முடிவதில்லை. காணிப் பதிவகத்தில் அது பதியப்பட்டிருக்க வேண்டும், அதுவும் பெர்மிட்காரர் உயிரோடிருக்கும்போதே. மரணத்துக்குப் பிறகு பதிந்தால் பயனில்லை. பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெர்மிட்காரர் இறந்தால், மனைவியோ கணவரோ ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சியை ஏற்க வேண்டும். நாற்பதாம் நாள் கழியட்டும், மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து உரிமையை இழக்காதீர்கள்.

வெளியேறச் சொல்லும் அறிவித்தல் வந்தால் ஒருநாளும் மூலையில் போடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீட்பு) சட்டத்தின்படி விடயம் நீதிமன்றத்துக்குப் போனால், நீதவான் கேட்பது ஒன்றைத்தான்: செல்லுபடியான பெர்மிட்டோ அரசின் வேறு எழுத்து அதிகாரமோ உண்டா? எத்தனை தலைமுறை குடியிருந்தோம் என்று அங்கே சொல்லிப் பயனில்லை. அறிவித்தல் கிடைத்த கிழமையே சட்டத்தரணியிடம் போங்கள்.

செயலகத்தில் 'நாளைக்கு வாங்க' என்று மாதக்கணக்கில் அலைக்கழித்து, ஏழைகளின் நாட்கூலியை வீணடிக்க எந்த உத்தியோகத்தருக்கும் உரிமையில்லை. அப்படி அலைக்கழித்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் கோப்பு எந்த நிலையில் உள்ளதென எழுத்தில் கேட்டு, கிடைத்ததற்கான ஒப்புகையையும் வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.