காசின் நிறங்கள்

“இவ்வாண்டு எங்கள் கொம்பனி கறுப்பில் நிற்கிறது” என்று ஓர் ஆங்கில வாக்கியத்தை மாணவர் ஒருவர் மொழிபெயர்த்தால், வாசிப்போர் என்ன எண்ணுவர்? கறுப்புப் பணம் குவித்துவிட்டார்கள் என்றன்றோ எண்ணுவர்! மூல வாக்கியமோ, அக்கொம்பனி இலாபம் ஈட்டியதென்று கூறுகிறது. ஒரு நிறத்தைப் பிறழ உணர்ந்ததனால் நேர்மையான வணிகர் குற்றவாளியாகிவிடுகிறார்.

முன்னாளில் ஆங்கிலக் கணக்கேடுகளில் இலாபத்தைக் கறுப்பு மையாலும் நட்டத்தைச் சிவப்பு மையாலும் குறித்தனர். ஆதலின் ‘இன் த பிளாக்’ என்றால் இலாபம். ‘இன் த ரெட்’ என்றால் நட்டம் அல்லது கடன்.

ஆனால் ‘பிளாக் மார்க்கெட்’ என்பதிலுள்ள கறுப்பு வேறு. அது களவையும் மறைவையும் சுட்டுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையில் அரிசிக்கும் துணிக்கும் பங்கீடு வந்தது. பங்கீட்டுக்குப் புறம்பாக மறைவில் நிகழும் இத்தகைய விற்பனையை நாம் ‘கள்ளச் சந்தை’ என்கிறோம். நிறத்தை விடுத்துக் கருத்தைப் பற்றிய நல்ல தமிழாக்கம் இது.

‘ஒரு சிவப்புச் சதமும் இல்லை’ என்பது அமெரிக்கர் வழக்கு. அவர்களுடைய பழைய சதம் செம்பினால் ஆனது. யாழ்ப்பாணத்தவர்க்குச் செப்புக்காசு புதிதன்று. ஆரியச்சக்கரவர்த்திகள் இடபமும் ‘சேது’ என்னும் சொல்லும் பொறித்து வெளியிட்ட காசுகள் பெரும்பாலும் செம்பே. 1872இல் இலங்கையில் ரூபாய், சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோதும் சதக்காசு செம்பாகவே இருந்தது. ஆயினும் நாம் நிறத்தைக் கூறாது, ‘கையில் ஒரு சதமும் இல்லை’ என்றே சொல்லுகிறோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861இல் வெளியான கடதாசிப் பணத்தின் பின்புறம் பச்சை மையால் அச்சிடப்பட்டது. அதனால் டொலருக்குப் ‘பச்சை முதுகு’ எனப் பொருள்படும் ‘கிரீன்பாக்’ என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. நம் ‘பசும்பொன்’னை ஓர் ஆங்கிலேயர் பச்சை நிறப் பொன் என்று பெயர்த்தால் நாம் நகைப்போம், மாற்றுயர்ந்த பொன் என்பதே அதன் பொருள் என்று திருத்துவோம். அந்தத் திருத்தம் நம் மொழிபெயர்ப்புக்கும் வேண்டியதே.

ஆகவே, மாணவர்களே, நிறச்சொல்லைக் கண்டவுடன் பெயர்த்துவிடாதீர்கள். அது பிறந்த இடம் கணக்கேடா, சந்தையா, காசா என்று முதலில் ஆராயுங்கள். பயனின்றிப் பெருஞ்செலவு வைக்கும் பொருளை ஆங்கிலேயர் ‘வெள்ளை யானை’ என்பர். ‘யானையைக் கட்டித் தீனி போடுதல்’ என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. அங்கே வெள்ளை நிறத்திற்கு வேலையில்லை.