சேர்வராயன் பறவைகளுக்குக் கணக்குப்பிள்ளை தேவை!

சேலத்துக்கு மேலே, சேர்வராயன் மலையில், சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. காப்பித் தோட்டங்களும் பாறைச் சரிவுகளும் நிறைந்த இந்த மலை, பல பறவைகளுக்கு வீடு.

மஞ்சள் தொண்டைச் சின்னான் அவற்றில் ஒன்று. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர, உலகில் வேறு எங்கும் இது கிடையாது. அழியும் ஆபத்தில் உள்ள பறவை இது.

1929-30-ல் வெர்னே ஆய்வுக் குழு கிழக்கு மலைத்தொடரில் பறவைகளை ஆராய்ந்தது. சேர்வராயனுக்கும் வந்தது. அந்தக் குறிப்பு இருப்பதால்தான், அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிட முடிகிறது.

ஒரு வருடக் கணக்கு போதுமா?

போதாது. மழை பொய்த்தால் பறவை குறையும்; மறு வருடம் கூடும். விடாமல் எண்ணினால்தான் உண்மை தெரியும்.

வட அமெரிக்காவில் 1900-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் பறவைகளை எண்ணினார்கள். அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை! தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கு நடக்கிறது. எண்ணுகிறவர்கள் சாதாரண மக்கள்தான். 15 நிமிடம் கவனித்து, எந்தப் பறவை, எத்தனை என்று குறித்தால் போதும்.

அப்புறம்தான் வேலை!

வந்த குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டும். தவறுகளைக் களைய வேண்டும். ஆண்டு அறிக்கையாக எழுத வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. இதைச் செய்தவர் ஓய்ந்தால், இன்னொருவர் பேனாவை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சின்னான் குறைந்து போனாலும், குறைந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

எழுதப் படிக்கத் தெரியுமா? பொறுமை உண்டா? அடுத்த பேனா உங்கள் கையில் இருக்கலாம்!