ஒரே வாரத்தில் வெளுக்கிற முகம்

தங்கம், வெள்ளி, அலுமினியம் எதிலும் படாமல் பூசும்படி ஒரு முகக்கிறீம் டப்பாவில் எழுதியிருந்தால் அதைத் தொட வேண்டாம். நகையைக் கெடுக்கிற கிறீமுக்குள் பாதரசம் இருக்கலாம். ‘கலோமல்’, ‘மெர்குரஸ் குளோரைட்’ என்று எழுதியிருந்தாலும் அதே பாதரசம்தான். இவற்றை வாங்குகிற எல்லோரும் வெள்ளையாக ஆசைப்பட்டவர்கள் இல்லை. பருவும் அது விட்டுப்போகிற கறுப்பும் மறைந்தால் போதும் என்று வாங்குகிறவர்களும் உண்டு.

பாப்பாமோட்டைக் கிராமத்தின் வெயிலிலும் சோளகக் காற்றிலும் எண்ணெய் வழிகிற முகத்தோடு திரிகிற பிள்ளைக்கு, மன்னாருக்கு பஸ் ஏறி மருந்து கேட்பதைவிட பேஸ்புக்கில் ஓடர் பண்ணுவது லேசு. வீட்டிலோ ‘முகத்தைக் கழுவு’ என்ற ஒரே வைத்தியம். பரு அழுக்கால் வருவதில்லை. பருவ வயதில் ஹோர்மோன் கூடி, எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரந்து, மயிர்க்கால் அடைபட்டு, அங்கே கிருமி பெருகுவதால் வருவது. சவர்க்காரம் போட்டு நாளுக்கு ஐந்தாறு தரம் தேய்த்தால் தோல் காய்ந்து எரியுமே தவிர பரு போகாது. காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவினால் போதும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். பற்பசையும் வேண்டாம்.

உண்மையில் வேலை செய்கிற மருந்துகள் பழையவை, ஆடம்பரமில்லாதவை. பாமசியில் பென்சோயில் பெரொக்சைட் 2.5 வீதம் இருக்கிறதா என்று கேளுங்கள். 10 வீதத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. எரிச்சல்தான் கூடும், பலன் ஏறக்குறைய ஒன்றுதான். துணியை வெளுக்க வைக்கும் என்பதால் பழைய தலையணை உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் அடாபலீன் என்ற பரு மருந்தைப் பூசுவதென்றால் ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும் போதும். ஆனால் கர்ப்பிணிகளும் கர்ப்பமாக எண்ணுகிறவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். எதைப் பூசினாலும் எட்டு, பத்து வாரம் பொறுக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. அடம்பனிலோ மன்னாரிலோ காட்டி, தேவையென்றால் தோல் கிளினிக்குக்குத் துண்டு வாங்கலாம். கட்டிபட்டுத் தழும்பு விழுகிற பருவென்றால் கட்டாயம் போங்கள்.

ஒரே வாரத்தில் முகம் மாறினால்தான் பயப்பட வேண்டும். அதைச் செய்வது பெரும்பாலும் பாதரசம் அல்லது ஸ்டீரொயிட். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொயிட் களிம்புகள் வைத்தியரின் துண்டோடு வாங்க வேண்டியவை. பூசிய சில நாளில் சிவப்பு அடங்கும், அக்கம்பக்கம் பாராட்டும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து இரத்தக்குழாய் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் பரு முன்னதைவிட மோசமாகக் கிளம்பும்.

பாதரசம் தோலோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு 2021 ஜூலைக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அரிதான ஓர் உபவகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிறீம் பூசியவர்கள். துவாயிலும் தலையணையிலும் ஒட்டுகிற பாதரசம் வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். இலங்கையும் சேர்ந்திருக்கிற, பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023ஆம் ஆண்டு மாநாடு, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்த முடிவு செய்தது. சந்தைக்கு அந்த முடிவு இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

வாங்குகிற உங்கள் கையிலும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி பற்றுச்சீட்டு கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், உற்பத்தி, காலாவதித் திகதிகளும், ஆகக்கூடிய சில்லறை விலையும் இருக்கிறதா? லேபலைச் சுரண்டுவதும் திருத்துவதும் குற்றம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும் குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். பொருளின் தரம் பற்றிய முறைப்பாட்டை வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஒன்லைனில் வாங்கியவர்கள் விற்றவரின் பக்கத்தையும் பணம் அனுப்பிய பதிவையும் படமெடுத்து வையுங்கள். இப்படி விற்பவர்கள் பக்கத்தை அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார்கள்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களென்றால் டப்பாவைக் குப்பையில் எறிய வேண்டாம். ஒரு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். ஸ்டீரொயிட்டை மாதக்கணக்கில் பூசியவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அதை எப்படிக் குறைப்பது என்று வைத்தியர் சொல்வார்.